சிவப்புப் பொட்டு வைத்த பாட்டரி

என் தம்பி எனக்குத் துரோகம் செய்துவிட்டான் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு வாஷிங்மெஷின். சிரிக்க வேண்டாம். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் குடியிருப்பது அதற்குள்தான். அம்மா கல்யாணமான புதிதில் வாங்கிய ரஷ்ய மெஷின் அது. மோட்டார் எரிந்துபோய் பதினைந்து வருஷம் ஆகிறது. மூடியைத் திறந்தால் துணி இருக்காது. மூடிப்போன ஏதோ அலுவலகம் கழித்துப்போட்ட மதர்போர்டு, யாரோ ஒருவரின் பவர் சப்ளை, வேறு யாரோ ஒருவரின் ஹார்ட் டிஸ்க், எல்லாம் கம்பியால் கட்டிக் கிடக்கும். கட்டியவள் நான். பெயர் இதெல்சி. ஹவானாவிலிருந்து நாலு மணி நேரம் தள்ளியிருக்கும் சியென்ஃபுவேகோஸில், எங்கள் கட்டடத்து வாசலிலேயே மேஜை போட்டு போன் ரிப்பேர் செய்கிறேன். என் வாய் பெரிய வாய் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த மெஷினில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டதும் நான்தான். எங்கள் ஊரில் ஒரு பென் டிரைவ் பத்து வீடு ஏறி இறங்கிவிட்டுத்தான் நம் வீட்டுக்கு வரும். வரும்போது பத்து வீட்டு வைரஸையும் கூட்டிக்கொண்டு வரும். லினக்ஸ் அதையெல்லாம் சட்டை செய்யாது. இருக்கிற கொஞ்சம் மெமரியில் முனகாமல் ஓடும். கரண்ட் ஒரு நாளைக்கு நாலு தடவை போனாலும், திரும்பி வந்ததும் எழுந்து நிற்கும். செவ்வாய்க்கிழமை வரைக்கும் அப்படித்தான் எழுந்து நின்றது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரண்ட் வந்தது. கீழே மேஜையை மூடிவிட்டு நாலு மாடி ஏறி வந்து பட்டனை அழுத்தினேன். திரை கறுப்பாகவே இருந்தது. அதில் வெள்ளை எழுத்தில் ஒரு புகார். இந்த டிஸ்க்கில் கடைசியாக எழுதப்பட்ட நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது, நான் இதைத் தொட மாட்டேன், நீயே கையால் சரிசெய் என்று.  அந்த டிஸ்க்கில்தான் 'உப்பு ரயில்' எழுபத்திரண்டாவது அத்தியாயம் இருந்தது.

'உப்பு ரயில்' ஒரு ஜப்பான் அனிமே தொடர். உப்புப் பாலைவனத்தின் குறுக்கே போகும் ஒரு ரயில். அதை ஓட்டும் தொக்கிவா என்ற பெண். டிக்கெட்டைத் தின்றுவிடும் ஒரு நரி. அப்புறம் முகமூடி போட்ட டிக்கெட் பரிசோதகர். அந்தப் பரிசோதகர் யார் என்பதுதான் கதையே. பத்து வருஷமாக அந்த முகமூடியைக் கழற்றாமல் எங்கள் உயிரை வாங்கினார்கள். வருஷத்துக்கு ஏழெட்டு அத்தியாயம்தான் வரும், நடுவில் ஒன்றரை வருஷம் ஒன்றுமே வரவில்லை. இணைய வசதி சரியில்லாத எங்கள் ஊரில், வாராவாரம் திங்கட்கிழமை ஹார்ட் டிஸ்க்கில் வீடு வீடாக வரும் 'பொட்டலம்' என்ற தொகுப்பில், சினிமா, பாட்டு, பந்தாட்டத்துக்கு நடுவே 'உப்பு ரயில்' இருக்கிறதா என்று முதலில் தேடுவது என் தம்பி ஒஸ்னியேலின் வேலை. நான் 'ஒல்லி' என்றுதான் கூப்பிடுவேன். இருபத்தேழு வயது ஆகியும் உடம்பில் சதை ஒட்டவில்லை.

பரிசோதகர் தொக்கிவாவின் அப்பா என்று அவன் அடித்துச் சொல்வான். இல்லவே இல்லை, அது வயதான தொக்கிவாவேதான் என்று நான் சொல்வேன். இதற்காக நாங்கள் தட்டு பறக்கச் சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை வந்ததே இல்லை. ஒருத்தரை விட்டுவிட்டு இன்னொருத்தர் ஒரு நிமிடம்கூடப் பார்க்கக் கூடாது. எனக்கு டெங்கு வந்து படுத்திருந்தபோது பதினெட்டு நாள் அறுபத்தோராவது அத்தியாயத்தைத் தொடாமல் காத்திருந்தவன் அவன். கடைசி அத்தியாயம் இந்தத் திங்கட்கிழமை வந்துவிட்டது. சனிக்கிழமை சோளப்பொரி வறுத்து, குரோக்கேட்டா உருண்டை பொரித்து, அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்ப்பதாகப் பேச்சு.

சரி, மெஷினுக்கு வருகிறேன். தேதியைக் கேட்டுப் பார்த்தேன். 2009 ஜனவரி ஒன்று என்றது. அப்போதே புரிந்துவிட்டது. மதர்போர்டில் ஒரு வட்ட பாட்டரி இருக்கும், நாணயம் மாதிரி. கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது செத்தால் மெஷினுக்குக் காலமே தெரியாது. விழித்ததும், தான் பிறந்த வருஷத்துக்குப் போய்விடும். டிஸ்க்கில் நேற்றைய தேதி இருக்கும், கடிகாரம் 2009 என்று சொல்லும். பாவம் லினக்ஸ், குழம்பாமல் என்ன செய்யும்?

வாஷிங்மெஷின் மூடியைத் தூக்கி டார்ச் அடித்தேன். பாட்டரி சாகவில்லை. பாட்டரியே இல்லை. குழி காலியாக இருந்தது!

யோசித்துப் பாருங்கள், எங்கள் ஊரில் அந்த வட்ட பாட்டரி கடையில் கிடைக்காது. மயாமியிலிருந்து வரும் யாரோ ஒருவரின் பையில் வந்தால்தான் உண்டு. அதனால் என்னிடம் இருக்கும் ஒவ்வொரு பாட்டரியின் முதுகிலும் நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருப்பேன். ரிப்பேர் மேஜையில் பொருள் மாறிவிடக் கூடாது என்பதற்காக. அதைப் போய் யாரோ என் வீட்டுக்குள்ளேயே பிடுங்கியிருக்கிறார்கள்.

தேதியைக் கையால் போட்டேன். டிஸ்க்கைச் சோதிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். சரிசெய்யவா, சரிசெய்யவா என்று அது நாற்பது தடவை கேட்டது. ஆமாம் ஆமாம் என்று நாற்பது தடவை அழுத்தினேன்.  இருபது நிமிடம் கழித்து மெஷின் எழுந்தது. எழுபத்திரண்டாவது அத்தியாயம் பத்திரமாக இருந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

சாய்ந்தவள் சும்மா இருந்திருக்கலாம். என் தொழில் புத்தி சும்மா இருக்கவிடவில்லை. வேறு ஏதாவது கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க, படம் ஓட்டும் நிரலின் பட்டியலைத் திறந்தேன். எந்தப் படம் எப்போது திறக்கப்பட்டது என்று அதில் வரிசையாக இருக்கும். முதல் வரி: உப்பு ரயில் 72. திங்கட்கிழமை, மாலை நாலு பத்து.

திங்கட்கிழமை நாலு பத்துக்கு நான் கீழே ஒருத்தியின் போனுக்குத் திரை மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மா ரொட்டி வரிசையில். வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

எனக்கு வாயே எழவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று.  அத்தியாயத்தைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் ஒப்பந்தத்தை நானும் மீறியவள் ஆவேனே! அந்த நிலையிலும் எனக்கு அந்த நியாயம் இருந்தது.

ஆறு மணிக்கு அவன் வந்தான். கதவைச் சாத்தக்கூட விடவில்லை.

"டேய் ஒல்லி. எழுபத்திரண்டைப் பாத்தியா?"

அவன் செருப்பைக் கழற்றியபடியே நின்றான். 

"எந்த எழுபத்திரண்டு?"

"நடிக்காதடா! நேத்து நாலு பத்து. லினக்ஸ் பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்லுவான்."

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டாள். இதை நான் அப்போது கவனித்தேன், ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆமா, பாத்துட்டேன்," என்றான். "என்ன இப்போ?"

"என்ன இப்போவா! முழுசா பாத்தியா?"

"முழுசாத்தான்."

"யாருடா அந்தப் பரிசோதகர்?"

"சொல்ல மாட்டேன்."

"பாட்டரியையும் நீதான் எடுத்தியா?"

"ஒரு வேலைக்குத் தேவைப்பட்டுச்சு. திருப்பிக் குடுத்துடறேன் அக்கா."

நான் பால்கனிக்குப் போய்விட்டேன். போய் என்ன செய்தேன் என்றால், அதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். பத்து வருஷம் கூட உட்கார்ந்து பார்த்தவன் நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான், இவனைத் தம்பி என்று சொல்லவே நாக்கு கூசுகிறது, எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று. மூன்றாம் மாடி ரெய்னெரியோ ஜன்னலைத் திறந்து, "என்ன இதெல்சி, எவ பின்னாடி போயிட்டான்?" என்றார். "பொண்ணு பின்னாடி போயிருந்தா மன்னிச்சிருப்பேனே!" என்றேன். கட்டடமே சிரித்தது. மறுநாள் காலையில் அவன் படியிறங்கியபோது ஒவ்வொரு மாடியிலும் "துரோகி வந்துட்டான்" என்று கேலி செய்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே போனான்.

புதன், வியாழன் இரண்டு நாளும் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் காப்பி போட்டு என் பக்கத்தில் வைத்தான், குடிக்காமல் கொட்டினேன். கொட்டிய காப்பிக்கு அம்மா என்னைத் திட்டவில்லை. எங்கள் வீட்டில் காப்பியைக் கொட்டுபவளை வீட்டை விட்டே துரத்த வேண்டும், ஆனாலும் திட்டவில்லை. அவன் என் ரிப்பேர் மேஜையின் ஆடும் காலுக்கு ஆணி அடித்துக் கொடுத்தான். தண்ணீர்த் தொட்டியின் குழாயை மாற்றினான். மனசாட்சி குத்துகிறது போலிருக்கிறது, நன்றாகக் குத்தட்டும் என்று இருந்துவிட்டேன். கல்நெஞ்சுக்காரி நான்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். கரண்ட் இல்லை. வெளிச்சத்துக்காக மேஜையை நடைபாதை ஓரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். தரைத்தளத்து எர்மெலிந்தா அக்கா வந்தார். அறுபது வயது. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் மெதுவாகப் பேசுபவர். கையில் ஒரு கொக்கித் தராசு. பெட்டி படுக்கையை மாட்டித் தூக்கினால் எத்தனை கிலோ என்று எண்ணில் காட்டுமே, அது. மயாமியில் இருக்கும் அவர் மகள் வந்தபோது விட்டுப்போனது. எங்கள் தெருவில் விமானம் ஏறுகிற யாராக இருந்தாலும் அந்தத் தராசில்தான் பையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

"இதெல்சி, இந்தா பொண்ணே," என்றார். "இதுக்குள்ள இருக்கிற பாட்டரி உன்னோடதுதான். எனக்குக் கழட்டத் தெரியலை. நீயே எடுத்துக்க."

தராசின் முதுகைத் திருகித் திறந்தேன். வட்ட பாட்டரி. அதன் நடுவில் என் சிவப்புப் பொட்டு.

"இது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?"

"உன் தம்பிதான் செவ்வாய்க்கிழமை காலைல கொண்டுவந்து போட்டான். தராசு செத்துக் கெடந்துச்சுல்ல. ரெண்டு சட்டையை வெளிய எடுத்தப்புறம்தான் பத்துக்குள்ள வந்துச்சு. ஒம்பது கிலோ எண்ணூறு." அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "பை என் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு, கவலைப்படாத. மூணு மணிக்குத் துணிமூட்டை மாதிரி சுத்தி நானே முனைக்குக் கொண்டுபோயிடறேன்."

"எந்தப் பை?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ கடவுளே. உனக்குச் சொல்லலையா?"

எனக்குத் தலையில் இடி விழுந்தது என்பார்களே, அப்படியெல்லாம் சத்தம் எதுவும் கேட்கவில்லை. நடைபாதையில் ஒரு சைக்கிள் போனது. கையில் இருந்த திருப்புளி கீழே விழுந்தது, அதைக் குனிந்து எடுத்தேன். எடுத்து மேஜையில் வைத்தேன். அப்புறம்தான் நாலு மாடியும் ஓடினேன்.

அம்மா மேஜையில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒஸ்னியேல் பால்கனி வெளிச்சத்தில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து முகம் மழித்துக்கொண்டிருந்தான். நான் பாட்டரியை அரிசிக்கு நடுவில் வைத்தேன். சிவப்புப் பொட்டு மேலே தெரிய வைத்தேன். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"எங்கடா போற?"

அவன் சவரக்கத்தியைக் கீழே வைத்தான். அம்மா எழுந்து பால்கனிக் கதவைச் சாத்தினாள்.

"மெதுவா பேசுடி. கயானா. அங்கிருந்து பிரேசில். நாளைக்குக் காலைல ஹவானாவுல விமானம்."

"எவ்வளவு நாளா தெரியும் உனக்கு?"

"மூணு மாசமா."

மூன்று மாசம்! இதே மேஜையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து தினமும் சாப்பிட்டிருக்கிறோம்.

"கீழ் வீட்டு அக்காவுக்குத் தெரியும். தராசுக்குத் தெரியும். என் பாட்டரிக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது!"

"உங்கிட்ட எப்படிடி சொல்லுவேன்?" அம்மா அழுதாள். "உன் வாயில ஒரு விஷயம் நிக்குமா? ஊர் வாயை மூட முடியாதும்பாங்க, நான் பெத்த வாயையே என்னால மூட முடியலையே! எதிர் வீட்டு துனியெஸ்கா வெளிநாடு போறதை நீ ஒரே ஒருத்திகிட்டதான் சொன்னே. மறுநாள் தெருவே வாழ்த்து சொல்லுச்சு. அடுத்த வாரம் விசா இல்லைன்னுட்டாங்க. கண்ணு பட்டுடுச்சு. இன்னும் இங்கதான் கெடக்கறா அந்தப் பொண்ணு."

எங்கள் ஊரில் நாட்டை விட்டுப் போவதை யாரும் சொல்ல மாட்டார்கள். விமானத்தில் உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகுதான் செய்தி வரும். அது எனக்குத் தெரியாததா? எத்தனை பேர் அப்படிப் போயிருக்கிறார்கள், நானே வாயைப் பிளந்திருக்கிறேன். ஆனால் சொல்லாமல் போவது ஊருக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அந்த ஊரில் நானும் ஒருத்தி என்று நினைக்கவில்லை.

கோபப்பட வேண்டும் என்றுதான் பார்த்தேன். வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அப்ப எழுபத்திரண்டு?" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

அவன் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். பாதி முகத்தில் நுரை.

"சனிக்கிழமை நான் இருக்க மாட்டேன்ல அக்கா. முன்னாடியே பாக்கலாம்னு உன்னைக் கூப்பிட்டா, ஏன்டான்னு கேப்பே. நான் பொய் சொன்னா நீ கண்டுபிடிச்சுடுவே. அதான் திங்கக்கிழமை தனியா உக்காந்தேன்."

"பாத்துட்டேன்னு ஏன்டா ஒத்துக்கிட்டே? நான் திட்டறப்ப ஏன்டா ஒண்ணுமே சொல்லலை?"

"நீ கோவமா இருந்தா என் மூஞ்சியைப் பாக்க மாட்டே. பாத்திருந்தா உனக்குத் தெரிஞ்சுருக்கும்."

மூன்று நாள். கடைசி மூன்று நாள். அவன் வைத்த காப்பியை நான் கொட்டினேன். தெருவைக் கூட்டித் துரோகி என்றேன். ஓவென்று கத்த வாயைத் திறந்தேன். அம்மா ஓடிவந்து என் வாயைத் தன் கையால் மூடினாள். அந்தக் கையில் அரிசித் தவிட்டு வாசனை அடித்தது. அந்தக் கைக்குள்ளேயே நான் அழுது முடித்தேன்.

கரண்ட் ஆறு மணிக்குத்தான். ஹவானாவுக்குப் போகும் கார் மூன்று மணிக்கு, பூங்கா முனையில். இப்போதே சேர்ந்து பார்த்துவிடலாம் என்று நான் எழுந்தேன், எழுந்த பிறகுதான் கரண்ட் இல்லை என்பது நினைவு வந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும், போகலாமா என்றேன். ரெண்டு பேரும் ஒரு டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு, மூக்கு சிவந்து போய், வேற வீட்டில் போய் உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாதா என்று அம்மா கேட்டாள். அவள் சொன்னது சரிதான்.

எனவே சாப்பிட்டோம். கறுப்பு பீன்ஸ், சோறு, ஒரு முட்டையை மூன்றாகப் பிரித்து. அவனுக்கு வாய் ஓயவில்லை, எனக்கு வாய் திறக்கவில்லை, எல்லாம் தலைகீழ். அந்த வட்ட பாட்டரியைத் துடைத்து மெஷினுக்குள் போட்டேன். "கடிகாரத்துக்கு மட்டும்தானே, எடுத்தா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்," என்றான். "டிஸ்க்கே போயிருக்கும் முட்டாள்," என்றேன். அதைத் தவிர அன்றைக்கு நான் அவனிடம் உருப்படியாக எதுவும் பேசவில்லை. என்ன பேசுவது?

"பரிசோதகர் யாருன்னாவது சொல்லிட்டுப் போடா."

"சொல்ல மாட்டேன்," என்றான். பல்லைக் காட்டினான். அந்தச் சிரிப்பை அறைய வேண்டும் போல இருந்தது.

மூன்று மணிக்கு அவன் வீட்டுச் செருப்போடு, கையில் ரொட்டிப் பையோடு படியிறங்கினான். ஷூவெல்லாம் எர்மெலிந்தா அக்காவின் துணிமூட்டைக்குள். வாசலில் கட்டிப்பிடிக்கக் கூடாது, கதவுகள் திறந்திருக்கும். உள்ளேயே, வாஷிங்மெஷின் பக்கத்தில், கட்டிப்பிடித்தோம். எலும்பு குத்தியது.

"அக்கா, நீ எப்பவும் போல இருக்கணும்," என்றான் காதில். "நீ சத்தம் போடாம இருந்தாதான் எல்லாருக்கும் சந்தேகம் வரும்."

நான் பால்கனிக்குப் போய் நின்றேன். அவன் கட்டடத்தை விட்டு வெளியே வந்தான். ரெய்னெரியோ கீழே டாமினோ மேஜையில் இருந்தார். "துரோகி! எங்க கிளம்பிட்டே?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தார்கள். நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"டேய் ஒல்லி!" என்று கத்தினேன். "வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா! போன தடவை மாதிரி கருகினதைக் கொண்டுவந்தே, செருப்பு பிஞ்சிடும் பாத்துக்க!"

அவன் திரும்பவில்லை. பையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான்.

"சரி சரி, கத்தாதே! வாங்கிட்டு வரேன்!"

முனையில் திரும்பினான். பத்தடி பின்னால் எர்மெலிந்தா அக்கா துணிமூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனார்.

ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. வழக்கம்போலத் தெருவே ஓவென்று கூவியது. மெஷினுக்குத் தேதி போட்டேன், எந்தப் புகாரும் இல்லாமல் எழுந்தது. சனிக்கிழமை வரைக்கும் காத்திருப்பதில் இனி என்ன இருக்கிறது? அவன்தான் பார்த்துவிட்டானே, நானும் பார்த்துத் தொலைக்கிறேன் என்று எழுபத்திரண்டைத் திறந்தேன்.

அது முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை.

எங்கள் ஊர்க் கரண்டுக்காக நானே அப்படி அமைத்து வைத்திருந்தேன். பாதியில் நின்றுபோன படத்தைத் திறந்தால் நின்ற இடத்திலிருந்துதான் ஓடும். முழுசாகப் பார்த்து முடித்த படம் என்றால் முதலிலிருந்து ஓடும். எழுபத்திரண்டு பத்தொன்பதாவது நிமிடம் நாற்பதாவது வினாடியில் திறந்தது. ரயில் நின்றிருக்கிறது. தொக்கிவா எதிரில் நிற்கிறாள். பரிசோதகரின் கை முகமூடியின் விளிம்பைப் பிடித்துவிட்டது. இன்னும் நாலு நிமிடம் பாக்கி. திங்கட்கிழமை சாயங்காலம் கரண்ட் போகவில்லை, அவனேதான் நிறுத்தியிருக்கிறான்.

பாவிப் பயல். பார்க்கவில்லை. கடைசி நாலு நிமிடத்தைப் பார்க்காமலே எழுந்துவிட்டான்! தெருவே கேலி செய்தபோதும், நான் காப்பியைக் கொட்டியபோதும், பார்க்கவில்லை என்று சொல்லவில்லையே! அவனுக்கும் தெரியாது. யார் அந்தப் பரிசோதகர் என்று அவனுக்கும் தெரியாமல்தான் சொல்ல மாட்டேன் சொல்ல மாட்டேன் என்று பல்லைக் காட்டினான்.

திறந்த நொடியே அலறியடித்துப் படத்தை நிறுத்தியிருந்தேன். வேறு எதையாவது அழுத்திவிடப் போகிறேனே என்று கையை மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம் முதல் நிமிடத்துக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தேன். நரி கடைசி டிக்கெட்டைத் தின்னும் இடத்தில் பக்கத்து நாற்காலியைப் பார்த்துச் சிரித்தேன், பழக்கம். பத்தொன்பது நிமிடம் நாற்பது வினாடி வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"முடிஞ்சுதா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா," என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. கயானாவிலிருந்து. யாருடைய போனோ, ஒரே இரைச்சல்.

"இறங்கிட்டேன் அக்கா. இனிமே நீ யார்கிட்ட வேணாலும் சொல்லலாம். உன் வாய் இப்போ ஃப்ரீ."

"பத்தொம்பது நாப்பது," என்றேன்.

 

"நீ?" என்றான்.

"நானும் அங்கதான் நிறுத்தி வெச்சிருக்கேன்."

அதற்குள் அந்தப் போன்காரர் போனைக் கேட்டுவிட்டார்.

பால்கனிக்குப் போனேன். கீழே டாமினோ மேஜையில் அதே ஆட்கள். ரொட்டி சைக்கிள்காரன் விசிலடித்துக்கொண்டு போனான். ரெய்னெரியோ அண்ணாந்து பார்த்தார்.

"என்ன இதெல்சி, நேத்துலேர்ந்து துரோகியைக் கண்ணுலயே காணோம்? எங்க அவன்?"

இப்போது சொல்லலாம். அவனே சொல்லிவிட்டான். தெரு முழுக்கக் கேட்கும்படி, என் வழக்கப்படி, சொல்லலாம். வாயைத் திறந்தேன்.

"ரொட்டி வாங்கப் போயிருக்கான்," என்றேன்.